கட்டிலுக்குக் கீழே கிடக்கட்டும், விடுங்கள்

புதிதாகப் பூனை கொண்டு வந்தவர்கள் முதல் கிழமையில் எனக்குப் போன் எடுத்தால் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான். "டொக்டர், வந்ததில இருந்து கட்டிலுக்குக் கீழதான் கிடக்குது, வெளியில வருதில்ல, ஏதும் வருத்தமோ?" இரவில் எல்லாரும் படுத்த பிறகு வந்து தட்டைக் காலி பண்ணிவிட்டுப் போகிறதா, மண்ணில் ஒன்றுக்கு இரண்டுக்கு இருக்கிறதா என்று கேட்பேன். ஓம் என்றால் வருத்தம் ஒன்றும் இல்லை, நீங்கள் குனிந்து குனிந்து பார்ப்பதை நிறுத்தினால் போதும் என்பேன். சிலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. ஊசியோ மருந்தோ எதிர்பார்த்து எடுத்திருப்பார்கள்.

பூனை ஆளோடு பழகுவதற்கு முன்னால் இடத்தோடு பழக வேண்டும். பழைய வீட்டில் கதிரைக்கால், கதவு நிலை, மதில் மூலை என்று ஒவ்வொன்றிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தை வைத்திருந்தது. நமக்குத் தெரியாத அந்த மணம்தான் அதற்குத் தைரியம், உங்கள் வீட்டில் அது ஒரு மூலையிலும் இல்லை. இந்த நிலையில் வந்த அன்றே வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று மடியில் வைத்துப் பார்ப்பதும் பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதற்கு அது பெரிய பயம். முதல் சில நாட்களுக்கு ஒரே ஒரு அறை போதும்.

அந்த அறையைத்தான் கவனமாகத் தெரிய வேண்டும். மட்டக்களப்பில் இன்னும் நிறைய வீடுகளில் சுவர் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும், மேலே ஓடுதான், நடுவில் காற்றுக்கு இடைவெளி. கதவைப் பூட்டியாச்சு என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார், பூனை அலுமாரிக்கு ஏறி, அங்கிருந்து சுவர் மேலே தாவி, அடுத்த அறையால் இறங்கிப் போயிருக்கும். சீலிங் அடித்த அறை என்றால் நல்லது, இல்லாவிட்டால் இடைவெளிக்கு வலை அடியுங்கள், அலுமாரியையாவது சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரை போட்ட அறை வேண்டவே வேண்டாம், பகலில் உள்ளே வெக்கை தாங்காது.

அறைக்குள் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பக்கத்தில் ஒரு வாசல் வெட்டின காட்போட் பெட்டி, அதற்குள் பழைய வீட்டில் அது படுத்த சாறன் துண்டோ சாக்கோ. கழுவாமல் கேட்டு வாங்குங்கள், அந்த மணத்துக்காகத்தான் அது. ஒரு மூலையில் மண் போட்ட அகலமான பேசின், அதற்கு எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று சாப்பிடாது, இல்லை மண்ணுக்குப் போகாது. கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை, ஆனால் தினமும் அள்ளிக் கொட்ட வேண்டும். பேசினுக்கு வெளியே எங்காவது ஒன்றுக்கு இரண்டுக்கு இருந்துவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காதீர்கள், அவற்றில் பலதும் பூனைக்கு நஞ்சு, காலில் ஒட்டினதை நக்கியே உள்ளே எடுத்துவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

கொண்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரப்பையில் போட்டுக் கட்டி மோட்டார் சைக்கிளில் முன்னால் தொங்க விட்டுக்கொண்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பஸ் ஹோர்ன், வெயில், மூச்சு முட்டல் எல்லாம் சேர்ந்து, அவிழ்த்து விட்டதும் அது கண்மண் தெரியாமல் ஓடுகிறது என்றால் அதிலே என்ன ஆச்சரியம்? இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடையை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி, மேலே ஒரு துணி போட்டால் அதுவே நல்ல கூடு.

சரி, அறையில் விட்டாச்சு. இனி உங்கள் வேலை சும்மா இருப்பது. பின்னேரத்தில் கொஞ்ச நேரம் உள்ளே போய்த் தரையில் இருந்து பேப்பர் பாருங்கள், போன் பாருங்கள், அதை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் காலடிச் சத்தத்துக்கே உடம்பைத் தரையோடு அமத்தி, காதைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்மணி முழுக்கக் கறுப்பாக விரிந்திருக்கும். பிறகொரு நாள் பெட்டி வாசலில் தலை தெரியும், கண்ணைப் பாதி மூடித் திறக்கும், நீங்களும் அதேபோல் மெதுவாக மூடித் திறந்து காட்டலாம். மறுகா ஒரு நாள் வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து உங்கள் முழங்காலில் கன்னத்தைத் தேய்த்தால் அறைக்கதவைத் திறக்கலாம். சில பூனைக்கு இதற்கு இரண்டு நாள், சிலதுக்கு ஒரு மாதம். இழுத்தெடுத்தால் இன்னும் பிந்தும்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அலட்சியம் பண்ண வேண்டாம். புது இடத்தில் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது வழமை, ஆனால் பெரிய பூனை இரண்டு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லை என்றால் காட்ட வேண்டும். பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்துவிடும், கொழுத்த பூனைக்கு இது இன்னும் ஆபத்து. குட்டி என்றால் ஒரு நாளே அதிகம். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும், தண்ணீர்தான் நல்லது. கறிச்சட்டி ஆணத்தைச் சோற்றில் பிசைந்து வைப்பது எங்கள் வீடுகளில் பழக்கம், அதில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மீனைக் கறி வைக்க முன்னால் இரண்டு துண்டை வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து வைத்துவிடுங்கள். தினமும் பச்சை மீன் மட்டும் போடுவதும் சரியில்லை, சில மீன்களில் உள்ள நொதி விற்றமின் பி1ஐ அழித்துவிடும்.

மருந்து என்றால் என் கோபம் பெரும்பாலும் இரண்டு விஷயத்தில்தான். உடம்பு சுடுகிறது என்று பரசிற்றமோல் கொடுப்பது ஒன்று. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும், அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கும். மற்றது, நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைத் தெள்ளுக்காகப் பூனையின் முதுகில் விடுவது. பெர்மெத்ரின் உள்ள மருந்து என்றால் சில மணித்தியாலத்தில் உடம்பு நடுங்கி வலிப்பு வரும். மருந்துக் கடையில் "பூனைக்கும் போடலாம்" என்று சொன்னாலும் லேபிளைப் பாருங்கள்.

தடுப்பூசி, பூச்சி மருந்து பற்றி நேரில் விவரமாகச் சொல்கிறோம். இங்கே சுருக்கமாக: குட்டிகளுக்கு 8 கிழமையளவில் ஊசி தொடங்கும், விசர்நோய் ஊசி கட்டாயம். தெருவில் இருந்து எடுத்த பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். பெட்டைக்குட்டி 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது கிழமையில் குட்டி போட்டுவிடும், அந்தக் குட்டிகளைச் சந்தையில் விட்டுவிட்டு வருவதை விட ஒப்பரேஷன் செய்வது லேசு.

வெளியே விடுகிறவர்கள் மூன்று நான்கு கிழமையாவது பொறுங்கள். பழைய வீடு அதே ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி என்றால் இன்னும் கூடப் பொறுக்க வேண்டும், வழி தெரிந்த பூனை அங்கேதான் போய் நிற்கும். முதல் தடவை சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், பசியோடு இருக்கும்போது வளவுக்குள் விடுங்கள், தட்டைத் தட்டினால் திரும்பி வரும்.

கடைசியாக, கடுவன் வளர்ப்பவர்களுக்கு. இடம் மாறின பயமும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் சில கடுவன்களுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப மண்ணில் குந்தும், முக்கும், கத்தும், அந்த இடத்தையே நக்கும், மண் மட்டும் நனைந்திருக்காது. வயிறு கட்டிப்போச்சு என்று விளக்கெண்ணெய் பருக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கொண்டு வந்தால் சிறுநீரகம் பழுதாகியிருக்கும், பலதும் பிழைப்பதில்லை. எண்ணெய் ஒன்றும் பருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டு வாருங்கள்.