திருத்தப்படாத கொப்பி: பிள்ளைகள் தம் எழுத்தைத் தாமே திரும்ப வாசிப்பதற்கு

வன்னியில் எந்தப் பாடசாலையின் ஏழாந்தர வகுப்புக்குச் சென்று 'எனது கிராமம்' என்ற தலைப்பைக் கொடுத்தாலும், பெரும்பாலான கொப்பிகளில் 'இயற்கை எழில் கொஞ்சும்' என்ற தொடரே முதல் வரியில் வந்து நிற்கும். வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளையும், நந்திக்கடலில் இறால் பிடிப்பவரின் பிள்ளையும், ஏ9 வீதியோரத்தில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் ஒரே கிராமத்தில் வசிப்பவர்களோ என்று ஐயுறும் அளவுக்கு அந்தக் கட்டுரைகள் ஒத்திருக்கும். அவற்றில் எழுத்துப்பிழை குறைவாக இருக்கலாம், பந்திகள் ஒழுங்காக அமைந்திருக்கலாம், போதிய புள்ளியும் கிடைத்துவிடலாம். ஆனால் எழுதிய பிள்ளையை அழைத்து, "இதில் நீங்கள் உங்கள் கண்ணால் கண்டது எது?" என்று கேட்டால், பிள்ளை கொப்பியைப் பார்ப்பதில்லை, சரியான விடை எதுவென்று அறிய ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது.

தமிழ் ஆசிரியராகவும், பின்னர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு உதவுபவராகவும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் பணியாற்றிவரும் எனக்கு, எங்கள் பிள்ளைகள் போதிய அளவு எழுதுவதில்லை என்ற முறைப்பாட்டில் உடன்பாடு இல்லை. சொல்வதெழுதலிலிருந்து தவணைப் பரீட்சை வரை அவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தாம் எழுதியதைத் திரும்ப வாசிப்பதுதான் நடப்பதில்லை. எழுதியது ஆசிரியரிடம் போகிறது. சிவப்புப் பேனையின் கோடுகளோடு திரும்பி வருகிறது. பிள்ளை புள்ளியைப் பார்க்கிறது, பக்கத்திலிருப்பவரின் புள்ளியையும் பார்க்கிறது, கொப்பியை மூடுகிறது. எழுத்தை மதிப்பிடும் வேலை முழுவதும் ஆசிரியருக்கே உரியது என்று அந்தப் பிள்ளை மிகச் சிறு வயதிலேயே முடிவு செய்துவிடுகிறது.

இது எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் தர மாணவரிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் கருத்துரை மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் சேர்த்து வழங்கப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயற்பாடும் மேம்பட்டன. புள்ளியையும் கருத்துரையையும் ஒருங்கே பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. இரவு முழுவதும் விழித்திருந்து ஒவ்வொரு கொப்பியிலும் நான்கு வரி எழுதி, அதன் கீழே பத்துக்கு ஆறு என்று போடும் ஆசிரியருக்கு இது கசப்பான செய்திதான். புள்ளி கண்ணில் பட்டதும் அந்த நான்கு வரியும் படிக்கப்படாமலே போய்விடுகிறது.

ஆகவேதான், பாடக் கொப்பிகளுக்குப் புறம்பாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிக்கொப்பி இருக்க வேண்டும் என்று நான் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். உறை போட வேண்டிய கட்டாயமும் இல்லை. வலப்பக்கத்தில் மட்டும் பிள்ளை எழுதும், மேலே திகதி இடும். இடப்பக்கம் வெறுமையாக விடப்படும். தலைப்பை ஆசிரியர் கொடுப்பதில்லை. எழுத ஒன்றுமில்லை என்று சொல்லும் பிள்ளை, காலையில் பாடசாலைக்கு வரும் வழியில் கண்டதை எழுதலாம், அல்லது எழுத ஒன்றுமில்லை என்பதையே எழுதலாம். வாரத்தில் இரண்டு நாட்கள், பாட வேளையின் முதற் கால் மணி நேரம் இதற்குப் போதுமானது. அந்த நேரத்தில் ஆசிரியரும் தமக்கென ஒரு கொப்பி வைத்து எழுதினால், வகுப்பறையில் அமைதியை ஏற்படுத்தக் குரல் உயர்த்த வேண்டியிருக்காது.

ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இந்தக் கொப்பியில் அழிறப்பர் பயன்படுத்தக் கூடாது. பிழை என்று தோன்றும் சொல்லின் குறுக்கே ஒரு கோடு கீறி, அதன் மேலே புதிய சொல்லை எழுதினால் போதும். ஆரம்பப் பிரிவில் பென்சிலால் எழுதிப் பழகிய பிள்ளைகள், தாள் கிழியும் வரை தேய்த்து, பிழை செய்ததற்கான தடயமே இல்லாமற் செய்துவிடுகிறார்கள். முதலில் எந்தச் சொல்லை நினைத்தோம், பிறகு ஏன் மாற்றினோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் தன் எண்ணம் நகர்ந்த வழியைப் பிள்ளை காண முடியும். துப்புரவான கொப்பிக்குப் பரிசு கொடுத்துப் பழகிய பாடசாலைகளில் இதை அதிபருக்கு விளக்கிச் சொல்லவே ஒரு தவணை தேவைப்படலாம்.

இடப்பக்கத்தின் வேலை ஓரிரு வாரங்கள் கழித்துத்தான் தொடங்குகிறது. எழுதிய சூட்டில் வாசித்தால், தாளில் உள்ளதையன்றி மனதில் உள்ளதையே கண் வாசிக்கும். விடுபட்ட சொல்லையும் தானே போட்டு வாசித்துவிடும். நாட்கள் சென்ற பின் அதே பக்கம் ஓரளவுக்கு வேறொருவர் எழுதியதுபோலத் தோன்றும். அப்போது பிள்ளை தன் பக்கத்தை மெல்லிய குரலில் தனக்குத்தானே வாசித்து, மனதில் பட்டதை எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். இதற்கு முதலில் வழிகாட்டல் தேவை. "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லா இருக்கு ரீச்சர்" என்ற விடைதான் வரும். எந்த வரி உமக்கு மிகவும் பிடித்தது, எந்த இடத்தில் இன்னும் சொல்ல இருந்தும் நிறுத்திவிட்டீர், நீர் நேரில் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, உங்கள் ஊருக்கே வராத ஒருவர் வாசித்தால் எந்த இடம் அவருக்கு விளங்காது போன்ற கேள்விகளில் ஏதாவது ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் அதுவும் ஒரு வினாத்தாளாகிவிடும்.

ஆறாந்தர மாணவன் ஒருவனின் கொப்பியிலிருந்து, அவனதும் பெற்றோரதும் சம்மதத்துடன், ஒரு பகுதியைச் சொல்கிறேன். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைக் குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டு வந்து, வலப்பக்கத்தில் அவன் எழுதியது இவ்வளவுதான்: 'குளம் நிறைந்து வான் பாய்ந்தது. மிகவும் அழகாக இருந்தது. எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம்.' சில வாரங்களுக்குப் பின், இதில் நேரில் கண்டது எது என்ற கேள்வியோடு அதே பக்கத்துக்குத் திரும்பியவன், இடப்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'எல்லோரும் மகிழவில்லை. அப்பா தண்ணியைப் பாக்காமல் போனில கதைச்சுக்கொண்டு நிண்டவர். எங்கட வயல் கீழ இருக்கு. மீன் பிடிக்க வந்த ஆக்கள்தான் சிரிச்சவை.' இந்த மாற்றத்தை எந்தச் சிவப்புப் பேனையாலும் செய்திருக்க முடியாது. முதலில் எழுதிய மூன்று வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை; திருத்துபவர் சரி போட்டுவிட்டுப் போயிருப்பார். 'எல்லோரும் மகிழ்ந்தோம்' என்பது உண்மையல்ல என்பதை அங்கே நின்ற அவன் ஒருவனால்தான் சொல்ல முடியும்.

அந்தப் பகுதியில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலந்திருப்பதைக் கண்டு பல ஆசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. பேச்சுமொழியை அனுமதித்தால் பிள்ளை பரீட்சையிலும் அப்படியே எழுதிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் நான் பார்த்த அளவில், தனிக்கொப்பியில் 'போனன்' என்று எழுதும் பிள்ளைக்குப் பாடக் கொப்பியில் 'சென்றேன்' என்று எழுத வேண்டும் என்பது நன்றாகவே தெரிகிறது. எழுத்துநடையில் தொடங்கினால் ஆயத்தத் தொடர்கள் முந்திக்கொண்டு வருவதும், வாய்மொழியில் தொடங்கினால் கண்டது முதலில் வருவதும்தான் வேறுபாடு. கண்டதைப் பிடித்து வைத்த பிறகு எழுத்துநடைக்கு மாற்றுவது பெரிய வேலையல்ல. அதுவே நல்லதொரு மொழிப்பயிற்சியும் ஆகும்.

பிழைகளை முற்றாகக் கவனிக்காமல் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால், உரத்து வாசிக்கும்போது விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, 'மழை'க்குப் பதிலாக 'மளை' என்று எழுதியதைக் கண்டுபிடிக்காது. பிள்ளைகள் ஆசிரியருக்குக் காட்டச் சம்மதித்த பக்கங்களில் இவ்வாறான பிழைகள் பலரிடம் இருப்பதைக் கண்டால், ஆசிரியர் வேறு வாக்கியங்களை அமைத்து, யாருடையது என்று தெரியாதபடி கரும்பலகையில் கற்பிக்கலாம். அதன் பின் தத்தம் கொப்பியில் அவ்வாறான இடங்களைத் தேடிப் பிடிப்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். நாலாந்தரப் பிள்ளைகள் புதையல் தேடும் உற்சாகத்தோடு அதைச் செய்வார்கள். எட்டாந்தரத்தில் அந்த உற்சாகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கொப்பியில் உள்ளதை யார் வாசிக்கலாம் என்ற கேள்விக்கு முதல் நாளே விடை சொல்லிவிட வேண்டும். பிள்ளை காட்ட விரும்பாத பக்கத்தை மடித்துவிடலாம்; மடித்த பக்கத்தை ஆசிரியர் திறப்பதில்லை. இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்று கூறுகிறது. ஓர் அறை வீட்டில் ஐந்தாறு பேரோடு வாழும் பிள்ளைக்கு அந்தரங்கம் என்பது பெரும்பாலும் தன் புத்தகப் பைக்குள் மட்டுமே இருக்கிறது. வீட்டில் அண்ணனோ மாமாவோ எடுத்து வாசித்துக் கேலி செய்யக்கூடும் என்று பிள்ளை சொன்னால், கொப்பியை வகுப்பறை அலுமாரியில் வைக்க இடமளிக்க வேண்டும்.

இந்த வாக்குறுதிக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் மறைக்காமல் முதல் நாளே சொல்ல வேண்டும். பிள்ளையை யாராவது அடித்துத் துன்புறுத்துவதாகவோ தகாத முறையில் தொடுவதாகவோ, பிள்ளை தனக்குத் தானே தீங்கு செய்ய எண்ணுவதாகவோ ஆசிரியருக்குத் தெரியவந்தால், அதை அவர் தம்மோடு வைத்திருக்க முடியாது. அதிபரிடமும் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமும் தெரிவிக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசுவதற்குரிய விடயம் அதுவன்று என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வன்னிக்கு வெளியிலிருந்து வரும் சில பயிற்றுநர்கள், எங்கள் பிள்ளைகளைப் போரைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் எழுதவைத்தால் மனக்காயம் ஆறும் என்று உற்சாகமாகப் பேசுவார்கள். இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது அம்மம்மாவின் அழுகையாகவும் சுவரில் தொங்கும் படமாகவும் தெரிந்த விடயம். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட, அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, பல்கலைக்கழக மாணவரைத் தொடர்ந்து நான்கு நாட்கள் தத்தம் துயர அனுபவங்களை எழுதவைத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ உதவியை நாடுவது குறைந்திருந்தது உண்மை. எழுதி முடித்த உடன் அவர்கள் மேலும் சோர்ந்திருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உள்ளது. அவர்கள் வளர்ந்தவர்கள். பத்து வயதுப் பிள்ளையை, துணைக்கு ஆளின்றி அந்த இடத்துக்கு அழைத்துச் செல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளை தானாக எழுதினால் மரியாதையோடு வாசிப்போம். பாலைப்பழம் பொறுக்கப் போய் உதடு பிசுபிசுத்ததை எழுதினால் அதையும் அதே மரியாதையோடு வாசிப்போம்.

பெற்றோரைச் சமாதானப்படுத்துவதுதான் கடினமானது. புள்ளி போடாத கொப்பியால் என்ன பயன் என்று அவர்கள் கேட்பார்கள். பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் ஆண்டென்றால் கடந்தகால வினாத்தாள்களைத் தவிர எதற்கும் நேரம் கொடுக்கச் சம்மதிக்கமாட்டார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, ஒவ்வொரு தவணையின் இறுதியிலும் பிள்ளை தன் தனிக்கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைத் தானே தெரிவு செய்து, இடப்பக்கத்தில் எழுதியவற்றையும் சேர்த்து, நல்ல எழுத்துநடையில் முழுக் கட்டுரையாகப் பாடக் கொப்பியில் எழுதும்படி செய்வது நல்லது. அந்தக் கட்டுரையை ஆசிரியர் வழக்கம்போலத் திருத்திப் புள்ளி வழங்கலாம். க.பொ.த. சாதாரண தரத் தமிழ் வினாத்தாளிலும் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. மனனம் செய்த கட்டுரை கேட்கப்பட்ட தலைப்புக்குப் பொருந்தாமல் போகும் நாளில், தன் கண்ணை நம்பி எழுதப் பழகிய பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும் என்று பெற்றோருக்கு நேரடியாகவே சொல்லலாம். ஆண்டு முடிந்ததும் தனிக்கொப்பியைப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த வகுப்பாசிரியர் பிள்ளையை அறிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தோடுகூட அதை அவரிடம் கொடுக்கக் கூடாது.