கட்டம் மூன்று, விடை சென்னை அல்ல

"எம்டனின் கதையை முடித்த கப்பல் (3)." சென்ற மாதக் குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலமாக இப்படி ஒரு குறிப்பு வைத்திருந்தேன். பலர் 'சென்னை' என்று நிரப்பி அனுப்பியிருந்தார்கள். செ-ன்-னை, கணக்கு சரிதான். எம்டன் என்ற சொல்லைக் கண்டதும் கை எழுதிவிடுகிறது. 'கப்பல்' என்ற சொல்லைக் கண் தாண்டிவிடுகிறது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸ் கரைக்கு எதிரே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்று அதை அடித்து நொறுக்கிக் கரைதட்ட வைத்தது. அந்தக் கப்பலின் பெயர் சிட்னி. சி-ட்-னி, அதுவும் மூன்றுதான்.

இரண்டில் எது என்று சொல்லத்தான் குறுக்கே இன்னொரு சொல் ஓடுகிறது. மேலிருந்து கீழாக, "1526, 1556, 1761: மூன்று போர், ஒரே ஊர் (4)." பானிபட். அதன் கடைசி 'ட்' நேராக நடுக்கட்டத்தில் இறங்குகிறது. அதைப் பார்த்ததும் சென்னையை அழித்திருக்க வேண்டும். சிலர் பானிபட்டை அழித்திருந்தார்கள்! விடைத்தாளில் ரப்பர் தேய்த்த கறை அப்படியே தெரிகிறது.

இதில் என் பங்குக்கும் ஒரு குறை உண்டு. 'பானிப்பட்' என்று எழுதிப் பழகியவருக்கு ஐந்து கட்டம் வேண்டும். ஹைதர், ஐதர் சங்கதியும் இதேதான். கட்டம் மூன்றே என்றாலும் முதல் எழுத்து மாறிக் குறுக்கே வரும் சொல்லைக் கெடுத்துவிடும். அதனால் பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் தேடுகிறவர்கள், அது சொல்லும் எழுத்துக் கணக்கை நம்பாமல் மெய்யெழுத்தையும் ஒரு கட்டமாக வைத்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பொது அறிவுக் குறிப்புகளில் சிக்கல் வேறு. அங்கே விடைக்கே வயதாகிறது. மக்கள்தொகையில் முதல் நாடு எது என்றால் நெடுங்காலம் சீனா, இரண்டே கட்டம். 2023-க்குப் பிறகு இந்தியா, நான்கு கட்டம். பழைய வினாடி வினாப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் அட்டையைத் திருப்பி அச்சிட்ட வருடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த மாதம், "பிரெஞ்சுப் படை தோற்ற களம் (5)" என்று ஒன்று வருகிறது. 1760-இல் வந்தவாசி, 1815-இல் வாட்டர்லூ. இரண்டும் ஐந்து எழுத்து, இரண்டிலும் தோற்றது பிரெஞ்சுப் படை. முதல் கட்டத்தைக் குறுக்கே வெட்டும் சொல்லை முதலில் கண்டுபிடித்து, அங்கே 'வ' வருகிறதா, 'வா' வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.