பணவனுப்பல்: உண்டியலும் ரெமிட்டன்ஸும் ஒன்றல்ல

கீழக்கரையிலும் தொண்டியிலும் ‘உண்டியல்’ என்றால் காணிக்கைப் பெட்டி மட்டுமல்ல. வளைகுடாவில் பிழைக்கும் சபராளி அங்கே ரியாலாகக் கொடுத்து, இங்கே வீட்டு வாசலில் ரூபாயாக எண்ணித் தரப்படும் பணமும் உண்டியல்தான். வங்கி வழியாக முறைப்படி வரும் ‘ரெமிட்டன்ஸை’யும் சிலர் அதே பேரால் சொல்கிறார்கள். இந்தக் குழப்பம் வீட்டுக்குக் கேடு.

உண்டியலின் மூலம் இந்தி ‘ஹுண்டி’. ஒரு வணிகர் வேறோர் ஊரிலுள்ள தம் ஆளுக்கு, ‘இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு கொடு’ என்று எழுதும் சீட்டு அது. தமிழ் வாயில் முதல் ‘ஹ’ உதிர்ந்து உண்டி, உண்டியல் என்றாயிற்று. காட்டியதும் பணம் தரவேண்டிய சீட்டு ஒரு வகை, தவணை குறித்த சீட்டு இன்னொரு வகை. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் வணிகம் செய்தவர்களிடம் அது நம்பகமான ஆவணமாகவே புழங்கியது. இன்று அந்தச் சீட்டு இல்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள், அந்த நோட்டைக் காட்டுபவர் கையில் பணம் வந்துவிடும். எழுத்தாக எதுவும் மிஞ்சாது.

இந்த உண்டியலுக்கு இன்னொரு பெயரான ‘ஹவாலா’ அரபுச் சொல், மாற்றிவிடுதல் என்று பொருள். வளைகுடாவில் முறையான வங்கி அனுப்பலுக்கும் அதே பெயர்தான். கள்ளப்பணம் என்ற வாடை அதன்மேல் பின்னால் ஏறியது.

‘ரெமிட்டன்ஸ்’ என்பதன் வேர் லத்தீன், திருப்பி அனுப்புதல். ‘பணப்பரிமாற்றம்’ இதற்குப் பொருந்தாது, பரிமாற்றத்தில் இரு பக்கமும் கைமாற வேண்டும். ‘பணவிடை’ மணியார்டருக்கு உரியது. ‘அந்நியச் செலாவணி’ வெளிநாட்டுப் பணத்தையே குறிக்கும். நல்ல சொல் தனுஷ்கோடிக்கு அக்கரையில் நெடுநாளாகப் புழங்குகிறது. இலங்கை மத்திய வங்கி தன் தமிழ் அறிக்கைகளில் ‘தொழிலாளர் பணவனுப்பல்கள்’ என்றே எழுதுகிறது. பணம் + அனுப்பல்: மகரம் கெட்டு வகரம் தோன்றிப் பணவனுப்பல். இலக்கணமும் சரி, சொன்னதும் பொருள் புரிகிறது. நாமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் தாய்நாட்டு வங்கியின் பங்கு பழையது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. காரைக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டம். இன்று துபாயில் எக்ஸ்சேஞ்ச் எனும் நாணய மாற்று நிறுவனத்தில் திர்ஹம் கட்டினால், அந்த நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கிலிருந்து நம் கணக்குக்குப் பணம் நகர்கிறது. உள்ளூர்க் கிளை கடைசிப் படி மட்டுமே.

தடங்கல் பெரும்பாலும் பெயரில் வரும். பாஸ்புக்கில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், அனுப்புபவர் தகப்பனார் பெயரை முழுதாக எழுதியிருப்பார், பணம் நின்றுவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள், ஐந்தாவது பூஜ்யம். அங்கே ‘ஓ’ எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் இணைந்தபின் பல கிளைகளின் குறியீடும் மாறிவிட்டது, பழைய பாஸ்புக்கை நம்பக் கூடாது. வேறு பல நாடுகளில் வங்கிக் கணக்குக்கு இருக்கும் ஐபேன் எண்ணைக் கேட்டால், இந்தியாவில் அது கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். அனுப்பும் நோக்கம் கேட்டால் ‘குடும்பப் பராமரிப்பு’, அதன் குறியீடு பி1301.

கணக்கில்லாமல் ரொக்கமாக வாங்கும் திட்டத்தில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டில் 30 தடவை என்று வரம்பு. கையில் ரொக்கமாகத் தருவது ரூ.50,000 வரைதான், மீதி காசோலையாகவோ கணக்கிலோதான் வரும்.

வெளிநாடு போனவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாடு வாழ்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்றிக்கொள்வதோடு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு என்ஆர்ஈ கணக்கும் தொடங்குவது நல்லது. என்ஆர்ஈ வட்டிக்கு இங்கே வரியில்லை, பணத்தைத் திரும்பவும் வெளியே கொண்டுபோகலாம். உண்டியலில் வந்த ரொக்கத்தை அதில் கட்டவே முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999-இன்படி அனுப்பியவர் மட்டுமல்ல, வாங்கியவரும் பொறுப்பாளி. அபராதம் தொகையைப்போல மூன்று மடங்குவரை போகலாம். நாணய மாற்றில் கூடுதலாகக் கிடைக்கும் சில்லறைக் காசுக்காக உண்டியலுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எக்ஸ்சேஞ்ச் தரும் ரசீது பெரும்பாலும் வெப்பத்தாள், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனுக்கோ மனை வாங்கவோ பணம் வந்த வழியைக் கேட்கும்போது அதைத்தான் காட்ட வேண்டும்.