க என்றால் க: இதை எப்படி நிறுவுவது?

'க உண்மை என்றால் க உண்மை.' இதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நிறுவிக் காட்டச் சொன்னால் எங்கே தொடங்குவது?

1920-களில் ஜெர்மன் கணிதர் டேவிட் ஹில்பர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் கையாண்ட முறையில் முக்கியமான அனுமான விதி ஒன்றுதான்: க-வும் இருக்கிறது, க → ச-வும் இருக்கிறது என்றால் ச-வை எழுதிக்கொள்ளலாம். அம்புக்குறிக்கு 'என்றால்' என்று பொருள். மற்றவை அடிக்கோள்கள், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றுகள். நமக்கு இரண்டு போதும்.

முதல் அடிக்கோள்: க → (ச → க)
இரண்டாம் அடிக்கோள்: (க → (ச → த)) → ((க → ச) → (க → த))

இவற்றில் எந்த எழுத்தின் இடத்திலும் எந்தக் கூற்றையும் போடலாம். இப்போது நிறுவல்:

1. (க → ((க → க) → க)) → ((க → (க → க)) → (க → க)): இரண்டாம் அடிக்கோள், ச-வுக்குப் பதில் க → க, த-வுக்குப் பதில் க
2. க → ((க → க) → க): முதல் அடிக்கோள்
3. (க → (க → க)) → (க → க): 1, 2-இலிருந்து
4. க → (க → க): மறுபடி முதல் அடிக்கோள்
5. க → க: 3, 4-இலிருந்து

பொருளே புரியாவிட்டாலும் குறிகளின் வடிவத்தைப் பார்த்தே ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துவிடலாம். கணினி நிறுவல்களைச் சரிபார்ப்பது இந்தப் பலத்தில்தான். ஆனால் அந்த முதல் வரி யாருக்குத் தோன்றும்? எந்தக் கணிதரும் இப்படி யோசிப்பதில்லை.

ஜெர்மன் தர்க்கவியலாளர் கெர்ஹார்ட் கென்ட்சனை உறுத்தியது இதுதான். 1934-35-இல் வெளிவந்த ஆய்வில், கணிதர்கள் உண்மையில் யோசிக்கும் விதத்தையே விதிகளாக்கினார். 'க என்று வைத்துக்கொள்வோம். சரி, க இருக்கிறது. ஆகவே க → க.' அவ்வளவுதான். ஓர் எடுகோளைத் திறக்கிறோம், அதை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறோம், பிறகு 'என்றால்' என்ற சொல்லுக்குள் அந்த எடுகோளை அடக்கி மூடிவிடுகிறோம். மூடியபின் முடிவு எதையும் சார்ந்து நிற்பதில்லை.

அதே ஆய்வில் அவர் இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார். நிறுவல்களில் துணைத்தேற்றங்களைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? க-வை நிறுவுகிறோம், க-விலிருந்து ச-வை வருவிக்கிறோம், கடைசியில் ச மட்டும் நிற்கிறது. இடையில் வந்த க மறைந்துபோகிறது. இதற்கு 'வெட்டு விதி' என்று பெயர். தூய தர்க்கத்தில் எந்த நிறுவலிலிருந்தும் வெட்டுகளை முழுவதுமாக நீக்கிவிடலாம் என்று கென்ட்சன் நிறுவினார். நீக்கியபின் மிஞ்சும் நிறுவலில் வரும் ஒவ்வொரு கூற்றும் முடிவின் ஓர் உறுப்பாகவே இருக்கும். வெளியிலிருந்து எதுவும் நுழைய முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். தர்க்கத்தில் முரண்பாட்டுக்கு ஒரு நிறுவல் இருந்தால், வெட்டு இல்லாத நிறுவலும் இருந்தாக வேண்டும். முரண்பாட்டுக்கோ உறுப்புகளே கிடையாது. அந்த நிறுவலில் எழுத ஒரு கூற்றுகூட இல்லை. ஆகவே முரண்பாடு வரவே வராது. தர்க்கவியலில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

இதற்கு விலை உண்டு. வெட்டுகளை நீக்கும்போது நிறுவல் பூதாகரமாக வீங்கலாம்: 2-இன் அடுக்கு, அந்த அடுக்குக்கு மேல் இன்னோர் அடுக்கு என்று கோபுரமாக உயரும் அளவுக்கு. துணைத்தேற்றங்கள் இல்லாமல் கணிதம் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

எண்கணிதத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. கணிதத் தொகுத்தறிதல் விதி (பூச்சியத்துக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை, ஆகவே எல்லா எண்களுக்கும் உண்மை என்பது) வெட்டுகளை நீக்கவிடாமல் தடுக்கிறது. போதாததற்கு, எண்கணிதம் முரணற்றதாக இருந்தால் அந்த முரணின்மையைத் தனக்குள்ளேயே நிறுவ முடியாது என்று 1931-இல் தர்க்கவியலாளர் கூர்ட் கோடல் காட்டியிருந்தார். 1936-இல் கென்ட்சன் அதை வெளியிலிருந்து நிறுவினார். அதற்குத் தொகுத்தறிதலை முடிவிலிக்கு அப்பாலும், எப்சிலான் பூச்சியம் என்ற வரிசையெண் வரை நீட்டினார். எல்லா இயல் எண்களும் முடிந்த பிறகும் வரிசையைத் தொடர்ந்து எண்ண உதவுபவை வரிசையெண்கள். எப்சிலான் பூச்சியத்துக்குக் கீழே உள்ள எந்த வரிசையெண் வரைக்கும் எண்கணிதமே தொகுத்தறிந்துவிடும். எப்சிலான் பூச்சியத்தை மட்டும் அதனால் எட்ட முடியாது. இதையும் 1943-இல் அவரே நிறுவினார். ஒரு கணிதக் கோட்பாட்டின் பலத்தை வரிசையெண்ணால் அளக்கும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது.