டிங்கியா, டெங்கியா?

செந்தூலில் இருக்கும் அக்கா மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். கோலாலம்பூரில் டிங்கி காய்ச்சல் கூடுகிறதா குறைகிறதா என்று பள்ளி இடுபணிக்கு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் கைப்பேசியைத் தேய்த்துவிட்டு, “மாமா, கவர்மெண்டு ஒண்ணுமே போடல” என்றாள். போட்டிருந்தார்கள். அவள் கூப்பிட்ட பெயரில் போடவில்லை.

நம் பத்திரிகைகளில் அது டிங்கி. ஆங்கிலத்தில் டெங்கு. மலேசியச் சுகாதார அமைச்சின் மலாய் அறிக்கைகளில் டெங்கி. நமக்கு மூன்றும் ஒரே கொசுதான். தேடும் கருவிக்கு அப்படி இல்லை. கூகுள் போன்ற தேடுபொறி நாம் கேட்ட நொடியில் உலகத்தையெல்லாம் புரட்டுவதில்லை. இணைப்பு இணைப்பாகத் தாவி முன்பே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பாடநூலின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. பெரிய தேடுபொறிகள் ஓரளவு ஒத்த சொற்களை ஊகித்துக்கொள்ளும். அரசாங்கத் தளங்களுக்குள் இருக்கும் சின்னத் தேடல் பெட்டிகளில் பல, எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் வாயைத் திறக்கும். ஆகவே முதல் வேலை, அந்த அலுவலகம் பயன்படுத்தும் மலாய்ச் சொல்லைப் பிடிப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் ‘பஞ்சி’, புள்ளிவிவரம் என்றால் ‘பெராங்காஅன்’, ஆண்டறிக்கை என்றால் ‘லாப்போரான் தாஹுனான்’.

தேடும்போது ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ‘கவ் டாட் எம்ஒய்’ என்று ஆங்கிலத்தில் (site:gov.my) சேர்த்து அடித்தால் அரசாங்க முகவரிகள் மட்டும் வரும். மருந்து விற்பவர்களின் விளம்பரம் பாதி ஒழியும்.

அப்படியும் சிக்காதவை உண்டு. பல அட்டவணைகள் பக்கமாக எங்குமே இருப்பதில்லை. மாநிலம், ஆண்டு என்று நாம் தேர்ந்தெடுத்து அழுத்திய பிறகுதான் தரவுத்தளத்திலிருந்து அட்டவணை பிறக்கிறது. தேடுபொறி அந்தப் பொத்தானைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை, எனவே சொல்லடைவில் அது ஏறுவதும் இல்லை. இதற்குக் கதவு வழியாகவே உள்ளே போக வேண்டும். அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா டாட் கவ் டாட் எம்ஒய், புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோஸ்ம் இரண்டும் நல்ல கதவுகள். எக்செலில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

பழைய அறிக்கைகளில் இன்னொரு வம்பு. தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருப்பார்கள். நம் கண்ணுக்கு எழுத்து, கணினிக்கு வெறும் படம். ஒரு சொல்லின் மேல் மவுசை இழுத்துப் பாருங்கள். சொல் மட்டும் நீலமானால் உள்ளே எழுத்து இருக்கிறது. இல்லையென்றால் கண்ணால் படிக்க வேண்டியதுதான்.

அமைச்சுகள் பெயர் மாறும்போது முகவரியும் மாறும். 2018இல் எரிசக்தி, அறிவியல், சுற்றுச்சூழல் எல்லாம் ஒரே அமைச்சாயின. 2020இல் மறுபடி பிரிந்தன. நான் குறித்து வைத்திருந்த ஓர் அறிக்கையின் இணைப்பு இப்படித்தான் ஒரு நாள் செத்துப்போனது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதே முகவரியை ஒட்டினேன், பழைய பக்கம் கிடைத்தது.

நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்டையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் கொடுக்கும் பதிலில், வேறெங்கும் அச்சாகாத எண்கள் சில நேரம் இருக்கும். பினாங்கில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: மாநில அரசு 2010இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி, மாநில அலுவலகங்களிடம் எழுதிக் கேட்கலாம். சிலாங்கூரிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்கு இரண்டும் உதவாது.

சரி, அக்கா மகளுக்கு எண்கள் கிடைத்தன. அடுத்த பள்ளம் அங்கேதான். லட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள் என்று கணக்கிட, நோயாளி எண்ணிக்கையைக் கோலாலம்பூரின் மக்கள்தொகையால் வகுத்திருந்தாள். 2020 கணக்கெடுப்பின்படி அது சுமார் 19 லட்சத்து 82 ஆயிரம். ஆனால் சுகாதார அமைச்சின் டிங்கி அட்டவணையில் கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் ஒரே வரிசை. புள்ளிவிவரத் துறையில் அவை இரண்டு வரிசை. புத்ராஜெயாவின் 1 லட்சத்து 9 ஆயிரம் பேரைச் சேர்க்காமல் வகுத்ததால், அவள் போட்ட விகிதம் ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் எகிறியிருந்தது. இரண்டு அலுவலகங்களின் எண்கள் தனித்தனியாகச் சரிதான். சேர்த்த இடத்தில்தான் கோளாறு.

விகிதத்தைத் திருத்திவிட்டு வரைபடத்துக்கு வந்தாள். டிங்கிக் கணக்கு ஞாயிறு முதல் சனி வரை வாரவாரம் வருகிறது. இவளோ மாதவாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தாள். 2022 ஜனவரி 30இல் தொடங்கிய வாரம் பிப்ரவரி 5இல் முடிகிறது.

“இதை ஜனவரில போடவா, பிப்ரவரில போடவா?”

எதிலும் போடாதே, வாரமாகவே வரை என்றேன். முறைத்துவிட்டு, ஐம்பத்திரண்டு கட்டம் எண்ணப் புதுத் தாள் எடுத்தாள்.