ஐரோப்பாவின் அவநம்பிக்கையை எப்படி அளக்கிறார்கள்?

"ஐரோப்பியர்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்" என்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். யூரோ நாடுகளின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு 2022 செப்டம்பரில் மைனஸ் 28 அளவுக்கு இறங்கியது. அதற்கு முன் இவ்வளவு கீழே போனதே இல்லை. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது புரியும்.

ஐரோப்பிய ஆணையம் 1972 முதல் இந்தக் கணிப்பை நடத்துகிறது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க மாதந்தோறும் சுமார் 32,000 பேரிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பல இருந்தாலும் குறியீட்டுக்குள் போவது நான்குதான்: கடந்த 12 மாதங்களில் உங்கள் குடும்ப நிதி எப்படி மாறியது, அடுத்த 12 மாதங்களில் எப்படி மாறும், நாட்டின் பொருளாதாரம் அடுத்த 12 மாதங்களில் என்ன ஆகும், ஃபர்னிச்சர், மின்சாதனம் போன்ற பெரிய பொருட்களுக்கு முன்பைவிட அதிகம் செலவிடுவீர்களா, குறைவாகவா.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். "மிக நன்றாக" என்பதற்கு முழு மதிப்பு, "கொஞ்சம் நன்றாக" என்பதற்குப் பாதி. மோசம் என்ற பக்கமும் அப்படியே. முதல் கூட்டலிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். "மாற்றமில்லை", "தெரியாது" இரண்டுக்கும் பூஜ்யம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூறு பேரில் 3 பேர் மிக நன்று, 17 பேர் கொஞ்சம் நன்று, 45 பேர் மாற்றமில்லை, 25 பேர் கொஞ்சம் மோசம், 8 பேர் மிக மோசம், 2 பேர் தெரியாது என்கிறார்கள். (3 + 8.5) − (12.5 + 8) = −9. இன்னொரு நாட்டில் 2 பேர் கொஞ்சம் நன்று, 76 பேர் மாற்றமில்லை, 20 பேர் கொஞ்சம் மோசம், 2 பேர் தெரியாது. 1 − 10, அதுவும் −9தான். முதல் நாட்டில் சமூகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, 8 பேர் கடும் நெருக்கடியில் இருக்கிறார்கள். இரண்டாவது நாடு சற்றே சோர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைப்புச் செய்தியில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதனால்தான் ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நல்ல காலத்திலும் மைனஸில் பதில் சொல்லும் நாடுகள் உண்டு. யூரோ நாடுகளின் நீண்டகாலச் சராசரியே மைனஸ் 11ஐ ஒட்டித்தான் இருக்கிறது. எனவே மைனஸ் 12 என்றால் கிட்டத்தட்ட வழக்கமான மாதம். தொலைபேசியில் கேட்டுவந்ததை இணையப் படிவத்துக்கு மாற்றினாலும், பொருளாதாரம் அசையாமலே எண் குதிக்கக்கூடும்.

2019க்கு முன் "சேமிப்பீர்களா?" என்ற கேள்வியும் குறியீட்டில் இருந்தது. சேமிக்க முடியும் என்பது நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்திலும் மக்கள் சேமிக்கிறார்கள். அந்தக் கேள்வியை நீக்கியது மிகச் சரியான முடிவு.

மக்கள் பயந்தது வெறும் மனப்பிரமையா? இல்லை. ஜெர்மனி 2021இல் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரைன் போரால் அந்த வரத்து சுருங்க, 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் எரிவாயு விலை ஒரு மெகாவாட்-மணிநேரத்துக்கு (எரிவாயுவை விற்கும் ஆற்றல் அலகு) 300 யூரோவைத் தாண்டியது. முன்பு 20 யூரோவை ஒட்டி விற்றது. எரிவாயுவே மூலப்பொருளான அம்மோனியா போன்ற தொழில்கள் முதலில் அடிவாங்கின. லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள தன் அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக ஜெர்மனியின் வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃப் 2023இல் அறிவித்தது. 2022 அக்டோபரில் யூரோ நாடுகளின் பணவீக்கம் 10.6 சதவீதம். ஜெர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் சுருங்கியது.

பணவீக்கம் பிறகு 2 சதவீதத்துக்கு அருகே வந்தும் முகங்கள் மலரவில்லை. பொருளாதார நிபுணர்கள் பலர் இதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். குழம்ப வேண்டியதில்லை. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறைகிறது, ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. ரொட்டி, வெண்ணெய், மின்கட்டணம் என்று அடிக்கடி பணம் கொடுப்பவற்றை வைத்தே மக்கள் விலைவாசியை எடைபோடுகிறார்கள். சம்பளம் அந்த விலையை எட்டிப்பிடிக்கும்வரை கசப்பு தீராது.

அந்தக் கசப்பு பொருளாதாரத்துக்குள் திரும்பி வருவது சேமிப்பு வழியாக. தொற்றுக்கு முன் யூரோ நாட்டுக் குடும்பங்கள் வருமானத்தில் 12, 13 சதவீதம் சேமித்தன. 2024இல் அது சுமார் 15 சதவீதம். கையில் பணம் இருந்தும் புது சோஃபாவைத் தள்ளிப்போடுகிறார்கள். கடையின் ஆர்டர் குறைகிறது, ஆலை முதலீட்டை ஒத்திவைக்கிறது, ஆள் எடுப்பதை நிறுத்துகிறது, அதைப் பார்த்து அடுத்த குடும்பமும் செலவை இறுக்குகிறது. முழுப் பழியையும் பயத்தின்மேல் போடவும் முடியாது: ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2022 நடுவில் மைனஸ் 0.5 ஆக இருந்து 2023 செப்டம்பரில் 4 சதவீதமானது. வட்டிக்காகச் சேமித்தவர்களும் இருக்கிறார்கள்.

நிறுவனங்களின் மனநிலையை அளப்பதில் ஜெர்மனியில் பெயர்பெற்றது மியூனிக்கின் ஈஃபோ நிலையம். சுமார் 9,000 நிறுவனங்களிடம் இரண்டு கேள்விகள்: இப்போதைய நிலை எப்படி, அடுத்த ஆறு மாதம் எப்படி? ஒவ்வொரு கேள்விக்கும் நன்று என்பவர்களின் சதவீதத்திலிருந்து மோசம் என்பவர்களின் சதவீதத்தைக் கழித்தால் ஓர் எண் வரும். அந்த இரண்டு எண்களோடும் தனித்தனியே 200 கூட்டி, பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 200 கழிப்பார்கள். நிலை −10, எதிர்பார்ப்பு −30 என்றால் வருவது −20.3. பிறகு 2015ஐ 100 ஆக வைத்துக் குறியீடாக்குவார்கள்.

கூட்டு எண்ணைவிட நடப்பு நிலை, எதிர்பார்ப்பு இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். 2025 மார்ச்சில் ஜெர்மனி அரசியல் சாசனத்தைத் திருத்தி, உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ நிதியம் அமைக்க வழிசெய்தது. அடுத்த மாதங்களில் நிறுவனங்களின் எதிர்பார்ப்பு நன்றாக ஏறியது, நடப்பு நிலையோ பெரிதாக அசையவில்லை. பாலத்துக்கும் ரயில்பாதைக்கும் ஒதுக்கிய பணம் திட்டம், அனுமதி, டெண்டர் எல்லாம் கடந்துதான் ஒரு ஆலைக்கு ஆர்டராகப் போய்ச் சேரும். அதே ஆண்டு செப்டம்பரில் எதிர்பார்ப்பும் மறுபடி இறங்கியது.