உழவுக்குப் பின்னால் வரும் கொக்கு

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கோடைமழை பெய்து, கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்காக வயலில் டிராக்டர் இறங்கும் நாளில், எங்கிருந்தோ உண்ணிக்கொக்குகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி அவற்றின் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் பூத்திருக்கும். கலப்பை புரட்டிய மண்கட்டி உருண்டு நிற்பதற்குள் ஒரு கொக்கு கழுத்தை நீட்டி, அதில் பாதி தெரியும் மண்புழுவைக் கொத்தி இழுத்து விழுங்கிவிட்டு அடுத்த சாலுக்கு நடக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு, நிலத்திலுள்ள புழுவையெல்லாம் கொக்கு தின்று தீர்த்துவிடும் என்று தோன்றுவது இயல்பே.

உழவு இல்லாத நாளில் அதே கொக்குக்கு மண்புழு அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. புழு பெரும்பாலும் இரவில்தான் மேலே வருகிறது; மண்ணின் சிறு அதிர்வையும் உணர்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது; உடல் வளையங்களிலுள்ள நுண்ணிய முட்களை வளையின் சுவரில் ஊன்றிப் பிடித்துக்கொள்கிறது. கலப்பை இந்த மூன்று காப்புகளையும் ஒரே நொடியில் பறித்துவிடுகிறது. வெயிலில் புரண்ட புழுவைக் கொக்கு விட்டுவைத்தாலும் அது பிழைப்பது அரிது. ஏனெனில் அது ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று நம்மூரில் சொல்வதும் சரியல்ல. தலைப்பகுதி சில வேளை பிழைக்கலாம், வால்பகுதி முழுப் புழுவாக வளர்வதில்லை.

ஆகவே கொக்கு தின்பதில் ஒரு பங்கு, வெயிலிலும் வெட்டுக்காயத்திலும் எப்படியும் மடிந்திருக்கக்கூடிய புழுக்கள்தாம். மண்ணுக்குள் தங்கிவிட்ட சிறு புழுக்களும் முட்டைக்கூடுகளும் அதன் அலகுக்கு எட்டாமல் தப்புகின்றன. பெரிய இழப்பு உழவிலேயே இருக்கிறது. 40 நாடுகளின் வயலாய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மண்ணைப் புரட்டி உழும் நிலத்தைவிட உழாத நிலத்தில் புழுக்களின் எண்ணிக்கை சராசரியாக 137 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. செங்குத்தாக ஆழ வளை தோண்டி, மேற்பரப்பின் சருகை இழுத்து உண்ணும் இனங்களே உழவால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. வளையும் போகிறது, உணவும் புதைகிறது. மண்ணையே தின்று மேல்மண்ணுக்குள் வாழ்பவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

இழந்ததை ஈடுசெய்யப் புழுவுக்கு உணவு வேண்டும். முன்பு தொழுவுரமும் அறுத்த நெல்தாளும் வயலிலேயே மக்கின. இப்போது அறுவடை முடிந்த கையோடு வைக்கோலை இயந்திரம் கட்டுக்கட்டாகச் சுருட்ட, அது லாரியேறி எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்து வாழைத்தோப்பில் சருகை அகற்றாமல் விட்டிருந்தால், அதன் அடியில் ஈரமும் இரையும் இருக்கும், மேலிருந்து பார்க்கும் பறவைக்குப் புழு தெரியவும் தெரியாது. அதே தோப்பில் கார்போஃபியூரான் என்னும் பூச்சிக்கொல்லிக் குருணையை இட்டால் கதை மாறிவிடும். நஞ்சேறிய புழு மேலே வந்து துடிக்கும்; அதைத் தின்னும் பறவையையும் அந்த நஞ்சு கொல்லக்கூடும்.

நெல்வயலில் வரப்பைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். தொளி அடித்து, அதாவது நடவுக்காகச் சேறாக உழுது, தண்ணீர் தேங்கியதும் சேற்றில் உயிர்வளி குறைகிறது. நகர முடிந்த புழுக்கள் வரப்புக்கு ஏறுகின்றன. பயிர்க்காலம் முழுவதும் அவற்றுக்கு அதுவே புகலிடம். இன்னும் இரண்டு வரிசை நாற்று கூடுதலாக நடுவதற்காக ஆண்டுதோறும் வரப்பைச் செதுக்கி ஒடுக்கும்போது, அந்தப் புகலிடமும் சுருங்குகிறது. வெட்டிய மண்ணில் புழு பொறுக்க மைனாக்கள் உடனே இறங்குகின்றன. இரண்டாம் போகமான கும்பப்பூவின் அறுவடைக்குப் பின் கோடைமழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அகலமான வரப்பின் ஓரத்தில் புழு கழித்த மண் சிறு சிறு உருண்டைகளாகக் குவிந்திருக்கும். ஆண்டுக்குச் சில மீட்டர் அளவே பரவக்கூடிய அந்த உயிர், வயலின் நடுவை நோக்கி அங்கிருந்துதான் புறப்படுகிறது.